ஒத்தை ஜன்னல் வீடு

— மெதுவாக்கா, மெதுவா! கல்லு பாவின தெருவுல இப்படி விட்டா, என் தொடையில வச்சிருக்கிற கம்பி கழண்டு கையில வந்துரும்.

— பதினாலு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா வண்டியைக் குத்தம் சொல்றீங்களே அண்ணே! அண்ணி, நீங்களே சொல்லுங்க, இது ஆட்டோவா, தொட்டிலா?

— தொட்டில்ல இப்படித் தூக்கிப் போட மாட்டாங்கம்மா. ஏங்க, கையில ஊனுற அந்தக் கம்பை இப்படிக் குடுத்துட்டுக் காலை நீட்டிக்கங்க. பத்து மணி மாத்திரை போட்டாச்சா?

— போட்டாச்சு மேடம்.

— எங்க, டப்பாவைக் காட்டுங்க. மருந்துக்கடையில இருபது வருஷமா நிக்கிறேன். ‘போட்டாச்சு’ன்னு சொல்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு போட்டிருக்கவே மாட்டாங்க. பாத்தீங்களா, இருக்கு! இந்தாங்க தண்ணி.

— நல்ல ஆளுகிட்டத்தான் மாட்டியிருக்கீங்க அண்ணே.

— மாட்டினது இல்லக்கா, குடுத்து வச்சது. அதாவது வந்து, நான் லிஃப்ட் மெக்கானிக்குன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. போன வருஷம் லிஃப்ட் குழியில விழுந்துட்டேன். தொடை எலும்பு ரெண்டா போச்சு. மூணு மாசம் படுத்த படுக்கை. இவ ஒரு நாள், ஒரே ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாளா? பெட்பேன் எடுத்தா, உடம்பு தொடச்சுவிட்டா...

— ஐயோ, ஊர் சுத்திப் பாக்க வந்த எடத்துல பெட்பேன் புராணமா? வெளிய பாருங்க. செவுரெல்லாம் என்ன மஞ்சளு! வெள்ளை பார்டர் வேற. தெருவே இஸ்திரி போட்ட மாதிரி நேரா போகுது.

— கேட்டுக்கங்க அண்ணி. அந்த மஞ்சளுக்கு ஒரு காரணம் இருக்கு. பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்து எறங்குறப்ப ஒரே ஒரு டப்பா பெயின்ட்தான் கொண்டாந்தான். அதுதான் மஞ்சள்.

— ஒரு டப்பாவுல ஒரு ஊரையே அடிச்சானா?

— பெரிய டப்பா அண்ணி.

— போன தடவை வந்தப்ப நீல டப்பான்னு சொன்னீங்களேக்கா.

— நீலம் தெருப் பேர் தகட்டுக்கு. முனைக்கு முனை இருக்கு பாருங்க, நீலத் தகடு, வெள்ளை எழுத்து. எல்லாம் ‘ரூ’ன்னு ஆரம்பிக்கும். ரூன்னா தெரு. அதுக்கு அப்புறம் வர்ற பேரை ஒரு பயலாலயும் சொல்ல முடியாது. தபால்காரரே நம்பரைப் பாத்துத்தான் போடுறாரு. பொய்யின்னா என் வண்டி பஞ்சராகட்டும்.

— டயரு ரொம்பப் பழசு போலிருக்கே. நெறைய பஞ்சர் ஒட்டியிருக்கு.

— ஹா! அண்ணி லேசுப்பட்ட ஆளு இல்ல அண்ணே.

— அதான் சொன்னேனேக்கா.

— அக்கா அக்காங்கிறீங்களே, இவங்களுக்கு உங்களை விட பத்து வயசு கம்மியா இருக்கும்.

— ஊரே ஆட்டோக்கான்னுதான் அண்ணி கூப்பிடும். பல்லு போன பெருசுங்க கூட. நானும் விட்டுட்டேன்.

— அது இருக்கட்டும். இன்னிக்குக் காலையில ஸ்டேஷன் வாசல்ல முப்பது ஆட்டோ நின்னுச்சு. இவரு கம்பை ஊனிக்கிட்டு ஒவ்வொண்ணா எட்டிப் பாத்து, ‘பொம்பளை ஓட்டுற ஆட்டோ எங்க, பொம்பளை ஓட்டுற ஆட்டோ எங்க’ன்னு கேக்கிறாரு. சுத்தி நின்னவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, மானமே போச்சு.

— எனக்கு மட்டும் என்ன? ‘உன்னைத் தேடிக்கிட்டு ஒரு ஆளு கம்போட வந்திருக்காரு’ன்னு போன்ல சொல்றானுங்க. யாரு வண்டியில இடிச்சோம்னு கணக்குப் பண்ணிக்கிட்டே வந்தேன்.

— ஏங்க, இப்பவாவது சொல்லுங்க. இவங்க வண்டிதான் வேணும்னு என்ன அப்படி ஒரு ஒத்தைக்கால்ல நிக்கிறது?

— நெஜமாவே ஒத்தைக்கால்லதான் நிக்கிறேன். அதாவது வந்து, அந்த வீட்டுக்குப் போனதும் சொல்றேன். அக்கா, ஒத்தை ஜன்னல் வீட்டுக்கு விடுங்க.

— அங்க என்ன இருக்கு அண்ணே, வெறும் செவுரு. லைட் ஹவுஸ் போவோம், கடல்பாலம் போவோம். அண்ணிக்குக் காத்தாவது கெடைக்கும்.

— இல்லக்கா. மொதல்ல அந்த வீடு.

— சரி, சவாரி சொன்னா சரி. ரெண்டு திருப்பம்தான். புடிச்சுக்கங்க... வந்தாச்சு. அண்ணி, நீங்க அந்தப் பக்கம் எறங்கிக்கங்க, அண்ணனை நான் புடிக்கிறேன். நடைபாதை உசரம், பாத்து.

— கம்பு, கம்பு! கம்பை விட்டுட்டுப் போறாரு பாரு. என்ன அவசரமோ.

— இதான். பாத்தியா? அஞ்சு ஜன்னல். நாலைச் செங்கல் வச்சு அடைச்சிருக்கு. கடல் பக்கம் இருக்கிற ஒண்ணு மட்டும் தெறந்திருக்கு. அந்தப் பச்சைக் கதவு கூட அப்படியே இருக்கு. அக்கா, அந்தக் கேப்டன் கதையை இவளுக்குச் சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே.

— அதுவா? கேட்டுக்கங்க அண்ணி. இந்த வீட்டுல ஒரு கப்பல் கேப்டன் இருந்தான். அவனுக்கும் பொண்டாட்டிக்கும் தெனம் சண்டை. விடிஞ்சா சண்டை, பொழுது அடைஞ்சா சண்டை. ஒரு நாள் சொல்லாம கொள்ளாமக் கப்பல் ஏறிட்டான். அந்தம்மா நாலு ஜன்னலை அடைச்சுட்டு, கடலைப் பாத்த ஜன்னலை மட்டும் தெறந்து வச்சா. மூணு வருஷம் போச்சு. ஒரு நாள் கப்பல் வருது. கேப்டன் எறங்கி, இதோ, இந்த முனையில நின்னு நிமிந்து பாக்குறான்.

— பாத்து?

— அங்கதான் அண்ணி நிறுத்துவேன். சாயங்காலம் கடைசிக் கதையை முடிக்கக் கூடாது. ‘மிச்சம் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, லைட் ஹவுஸ் அடியில’ன்னுட்டு வண்டியை எடுத்துருவேன். மறுநாள் சவாரியும் நமக்குத்தான். முக்கால்வாசிப் பேரு வந்து நிப்பாங்க, தூங்காத கண்ணோட.

— கெட்டிக்காரிதான். ஆனா போனவனுக்காக எவளாவது ஜன்னலை அடைப்பாளா? வீட்டுல காத்து வர வேணாமா?

— கேட்டீங்களாக்கா? கேட்டீங்களா அவ பேச்சை? இதுக்குத்தான்... இதுக்காகத்தான் நான் திரும்பிப் போனேன்.

— எங்க திரும்பிப் போனீங்க? என்ன சொல்றீங்க? வெயில் ஏறுது, வாங்க, வண்டியில உக்காந்து பேசலாம்.

— இல்லம்மா, இங்கயே சொல்லிடுறேன். வண்டியில ஏறினா தைரியம் போயிரும். அதாவது வந்து, கல்யாணமான ரெண்டாம் வருஷம். ‘வெளியூர்ல ரெண்டு நாள் லிஃப்ட் வேலை’ன்னு சொல்லிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? தண்ணி குடிங்க.

— வேலை எதுவும் இல்ல. உன்னை விட்டுட்டு வந்துட்டேன். ஒரேயடியா. மூணு வாரம் பேச்சு வார்த்தை இல்லாம அந்த ஒத்தை ரூம்ல ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு இருந்தோமே, அப்ப. வேற ஊர்ல வேலை பேசி வச்சிருந்தேன். இங்க ராத்திரி தங்கிட்டு மறுநாள் ஆறு மணிக்கு அந்த ஊர் பஸ்ஸு. டிக்கெட்டு சட்டைப் பையில.

— எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணே.

— என்னக்கா தெரியும்?

— நீங்க ஊர் பாக்க வரலைன்னு. பெட்டியோட ஒரு தலையணையையும் கயித்துல கட்டித் தூக்கிட்டு வந்தீங்க. ரெண்டு நாளுக்கு வர்றவன் தலையணையையா கொண்டாருவான்? வீட்டை விட்டு வந்த ஆளுன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பா வேணும்?

— அதான் அந்தக் கதையைச் சொன்னீங்களா?

— அது பழைய உப்புக் கெடங்கு அண்ணே. கேப்டனும் இல்ல, கீப்டனும் இல்ல. அதுவரைக்கும் அதைப் பேய் வீடுன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். உங்க மூஞ்சியைப் பாத்ததும் வாயில வந்தது கேப்டன் கதை. முடிவு எனக்கே தெரியாது. அதான் நாளைக்குன்னேன்.

— அடப்பாவி அக்கா! நான் ராத்திரி முழுக்க லாட்ஜுல உருண்டேன். வந்தவன் உள்ள போனானா, அவ கதவைத் தெறந்தாளா, செருப்பால அடிச்சாளா! விடிஞ்சு ஆறு மணி பஸ்ஸை விட்டுட்டேன். கதையைக் கேட்டுட்டு அடுத்த பஸ்ல போய்க்கலாம்னு பத்து மணிக்கு லைட் ஹவுஸ் அடியில நின்னேன்.

— நான் வந்து முடிச்சேன். கேப்டன் கேக்கிறான், ‘எனக்காகவா ஜன்னலைத் தெறந்து வச்சே?’ அவ சொல்றா, ‘உனக்கா? ஒரே புழுக்கமா இருந்துச்சு, தெறந்தேன்.’

— நீ சொல்ற மாதிரியே இருந்துச்சும்மா. உன் குரலே கேட்டுச்சு. ஒரு மாசமா சிரிக்காதவன் நட்டநடு ரோட்டுல நின்னு சிரிச்சேன். அப்புறம் அழுதேன். இவங்கதான் என்னை நம்ம ஊரு பஸ்ஸுல ஏத்திவிட்டாங்க. இந்தம்மா கதையை முழுசாச் சொல்லியிருந்தா எனக்கு நீயும் இல்ல, நம்ம ரெண்டு புள்ளைங்களும் இல்ல. அந்த நன்றியைச் சொல்லத்தான் வந்தேன். அக்கா, கையைக் குடுங்க. நீங்க நல்லா இருக்கணும்.

— ஐயையோ, விடுங்க அண்ணே. ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க. எனக்கே கண்ணு கலங்குது. அது சரி, அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லாமலா வந்தீங்க?

— லெட்டர் எழுதி வச்சேன். நேர்ல குடுக்க தைரியம் இல்ல. இவ தெனமும் காலையில எந்திரிச்சதும் மொதல்ல தொடுறது டீத்தூள் டப்பா. அதுக்குள்ள மடிச்சு வச்சுட்டு வந்தேன்.

— அப்ப அண்ணி படிச்சுட்டாங்களா?

— அதுதான்க்கா கடவுள் செயல். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நேரா டப்பாவைத்தான் பாத்தேன். வச்சது வச்ச மாதிரியே கெடக்கு. இவ அடுப்படித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பீரோவைத் தொறந்து மூடிட்டு இருந்தா. வர்ற சத்தம் கேட்டுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம லெட்டரை வாயில போட்டு முழுங்கிட்டேன்.

— முழுங்கிட்டீங்களா! தூளோடயா?

— தூளோட. ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன் வேற.

— இருங்க அண்ணே. ரெண்டு நாள் அண்ணி டீயே போடலையா? பக்கத்துல படுக்கிற ஆளோட தலையணையே காணோம், அதையும் பாக்கலையா?

— பதினாலு வருஷமா எனக்கும் அது புரியல. புண்ணியம்னு விட்டுட்டேன். ஆனா மறக்க முடியாதது வேற ஒண்ணு. நான் கதவைத் தட்டுறேன். இவ நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு, தலையில பூவோட வந்து தெறக்குறா. நான் வருவேன்னு எனக்காகக் கட்டிக்கிட்டு நின்னிருக்கா. கையில தலையணையோட நிக்கிறவனைப் பாத்து ஒரு கேள்வி கேக்கல. தலையணை எதுக்கு, ஏன் இவ்ளோ பெரிய பெட்டி, ஒண்ணும் கேக்கல. ‘கை கால் கழுவிட்டு வாங்க’ன்னு மட்டும் சொன்னா. அந்தப் பெரிய மனசை நெனைச்சு நான் இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

— போதுங்க. நிறுத்துங்க.

— இல்லம்மா, முடிச்சிடுறேன். கால் உடைஞ்சு கெடந்தப்ப நீ ஒவ்வொரு தடவையும் என்னைப் புரட்டிப் போட்டுத் தொடைக்கிறப்ப, தொண்டை வரைக்கும் வந்துச்சு. இப்படிப்பட்டவளை விட்டுட்டா ஓடினோம்னு. இதைச் சொல்லாம உன் கையால இன்னொரு வாய் சாப்பிட எனக்கு முடியல. சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டு. இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னாலும், ஏன்னு கேக்க எனக்கு வாய் இல்ல.

— அண்ணி, ஏதாவது பேசுங்க அண்ணி. அண்ணன் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

— மொதல்ல அவரை அந்தக் கல் பெஞ்சுல உக்கார வைங்கம்மா. அந்தக் காலோட எவ்ளோ நேரம்தான் நிப்பாரு.

— கோவமா?

— கோவமா! எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதான்னே தெரியலைங்க. அந்த நாளை நெனைச்சு பதினாலு வருஷமா நானும்தான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

— என்னையா? நான் என்ன பண்ணேன்?

— நீங்களும் என்னை ஒரு கேள்வி கேக்கலையே.

— உன்னை நான் என்னம்மா கேக்கிறதுக்கு இருக்கு?

— நீங்க தெருவைத் தாண்டின கையோட நானும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேங்க, செத்தாலும் திரும்பி வர்றதில்லன்னு. ரெண்டு நாள் அங்க எல்லாரும் நான் சொன்னதுக்கெல்லாம் ஆமாம் ஆமாம்னாங்க. சண்டை போட ஆளில்லாம இருப்புக் கொள்ளாம ஓடி வந்தேன். நீங்க வந்து கதவைத் தட்டினப்ப, நான் இன்னும் கால் செருப்பைக் கூடக் கழட்டல.