தழை கட்டியவன்

1943 ஜூன் 14, திங்கட்கிழமை.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு இருக்கிறது. மாது விழுந்தது புளியமரத்து வளைவில் என்று எழுதிவிட்டேன். அங்கே இல்லை. அதற்கு அடுத்த வளைவில், பாறை சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் விழுந்தான். வேலை முடிந்து நாங்கள் போகும் மாலை வகுப்பில் வாத்தியார் எங்களைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னபோது, கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும் என்றார். நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒன்றைத் திருத்த உட்கார்ந்த பிறகு மற்றதையும் திருத்திவிடுவதுதான் முறை.

மாது என் தங்கை ராணியம்மாளைக் கட்டிக்கொள்ளவிருந்தவன். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளுக்கு நல்லது கெட்டது பார்க்க வேண்டியவன் நான்தான். மாதுவும் நானும் சேர்ந்து தொழில் செய்தோம். காரிமங்கலத்தில் மண்ணெண்ணெயும் உப்பும் துணியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டு ஊர்களுக்குப் போவோம். திரும்பும்போது புளியும் கொள்ளும் ஏற்றி வருவோம். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் பஸ் கரி போட்டு ஓடுகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அதனால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

அந்தச் சாலை நேராக எங்கும் போகாது. கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே ஏறும், ஆமணக்குக் காட்டுக்குள் இறங்கும், மறுபடி ஏறும். கடைசி ஏற்றம் ஈச்சங்கோட்டை. குன்றின் தலையில் பழைய பாளையக்காரர் கட்டிய மதில், பாதி இடிந்தது. உள்ளே கொஞ்சம் வீடுகள், ஒரு குளம், ஒரு கோயில், துருப்பிடித்துக் கிடக்கும் பீரங்கி. அங்கே போய்ச் சேர்ந்ததும் மாது காற்றடிக்கும் பம்பால் பீரங்கியைத் தட்டுவான். பெண்கள் பாத்திரத்தோடு ஓடி வருவார்கள். அவன் பேசுவான், நான் அளந்து ஊற்றுவேன்.

ஏறுவது கஷ்டம், இறங்குவது ஆபத்து. பிரேக் கட்டை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, ரப்பர் எல்லாம் யுத்தத்துக்குப் போகிறது. ஆகவே எங்கள் பக்கத்தில் சுமையோடு இறங்குகிறவர்கள் தழை கட்டுவார்கள். இலையோடு ஒரு பெரிய கிளையை வெட்டி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துக் கட்டி, கேரியரிலிருந்து கயிற்றில் இழுத்துக்கொண்டு இறங்குவது. தழை தரையைப் பிடித்து வண்டியை நிதானமாக வைக்கும். இதில் ஒரு வழக்கம் உண்டு. தன் தழையைத் தானே கட்டக் கூடாது, கூட வருகிறவன்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு முடிச்சைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் கட்டியவனை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்காகவே பேச்சுவார்த்தை நின்றுபோன கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

மாது மட்டும் தழை கட்டமாட்டான். செருப்புக் காலைப் பின்சக்கரத்தில் அழுத்திக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குவான்.

தை மாதத்தில் ஒருநாள் பாதி இறக்கத்தில் என் தழை ஒடிந்தது. நான் இறங்கி அடிவாரம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அதுதான் சரியான செயல் என்று இன்றும் நினைக்கிறேன். மாது கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வகுப்பில் எழுந்து நின்றான்.

"வாத்தியாரே, நம்ம தர்மன் இனிமே சைக்கிளுக்கு லைசென்ஸ் கட்ட வேணாங்க."

"ஏம்ப்பா?"

"அது தள்ளுவண்டிங்க. தள்ளுவண்டிக்கு எதுக்குங்க லைசென்ஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிலிருந்து என் பெயர் தள்ளுவண்டி. ஈச்சங்கோட்டைக் குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எதையும் விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். காரணம் இது இல்லை.

காரணம் ராணி. எங்கள் தெருவில் செல்லி என்று ஒருத்தி இருக்கிறாள். கல்யாணமான வருஷமே புருஷன் கிணறு வெட்டும்போது போய்விட்டான். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே அவள் வந்தால், வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புகிறார்கள். மாது ஓட்டுகிற ஓட்டத்துக்கு ராணியும் அப்படி ஆவாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படியும் சாகப் போகிறவன், தாலி கட்டிய பிறகு சாவதைவிடக் கட்டுவதற்கு முன்னால் சாவது அவளுக்கு நல்லது. இதைப் பல நாள் புரட்டிப் பார்த்தேன். நான் எதையும் சுலபமாக நம்புகிறவன் இல்லை, என்னையே நம்புவதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

முதலில் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். தழை கட்டி இறங்கினால்தான் கல்யாணம் என்று அவனிடம் சொன்னேன். சிரித்தான். கல்யாண நாளைத் தள்ளிப்போட்டேன். அப்போதும் சிரித்தான். வைகாசி பிறந்ததும் திடீரென்று வந்து சொன்னான்:

"சரி மச்சான். இனிமே நீ தழை கட்டாம நான் எறங்க மாட்டேன். போதுமா?"

நான் நம்பவில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்த மறுநாளே தழையைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கயிறு கட்டும் உரிமை எனக்குக் கிடைத்தது.

தழைக்குக் கற்றாழை நார்க் கயிறுதான் கட்டுவோம், அது அறுந்துபோகாது. நான் உள்ளே காய்ந்த வாழைநாரை வைத்து, வெளியே கற்றாழை நாரைச் சுற்றி ஒரு கயிறு திரித்தேன். மாது காய்ச்சலில் படுத்திருந்த அன்று தனியாக மேலே போய், சுமையையும் தழையையும் கட்டி, வண்டியை நடத்திக்கொண்டே இறங்கிப் பார்த்தேன். புளியமரத்து வளைவில் கயிறு அறுந்தது. தழையிலிருந்த கல் கட்டவிழ்ந்து உருண்டுபோய்க் கீழே மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டுக்குட்டியின் முதுகை உடைத்துவிட்டது. அது கத்தியது. அதே கல்லை எடுத்து அதன் தலையில் போட்டேன். மண்டை நான் நினைத்ததைவிட உறுதியாக இருந்தது, மறுபடியும் போட வேண்டியிருந்தது. ஒரு ஜீவன் வலியில் துடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சனிக்கிழமை இருவரும் ஆளுக்கு இரண்டு மூட்டை புளி ஏற்றினோம். மாது முதலில் என் தழையைக் கட்டினான். பிறகு ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றான். நான் பின்னால் குந்தினேன்.

"ஆச்சா மச்சான்?"

"ஆச்சு."

"இறுக்கிக் கட்டுனியா? இல்ல மணவறைக்கு முன்னாடியே என்ன உருட்டி வுட்டுருவியா?"

"இறுக்கித்தான் கட்டியிருக்கேன்."

கோயில் பூசாரி தீர்த்தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "பாத்து எறங்கு மாது. வூட்டுல ஆளு காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். மாது அவரைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான். வழக்கம்போல முடிச்சைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான்.

நான் கொஞ்சம் பின்னால் போனேன். புளியமரத்து வளைவில் கயிறு அறுந்தது. அவன் தழை சாலையில் கிடந்தது, நான் சுற்றிக்கொண்டு போனேன். மாது காலைச் சக்கரத்தில் அழுத்தினான். ஆனால் இரண்டு மூட்டைச் சுமைக்குக் கால் எந்த மூலைக்கு? செருப்பு பிய்ந்து பறந்தது. "மச்சான், தழை போச்சு" என்று கத்தினான். பாறை இருக்கும் வளைவில் முன்சக்கரம் மோதி, அவன் வண்டிக்கு மேலாகப் போய் விழுந்தான். மூட்டை வெடித்துப் புளி அவன்மேல் கொட்டியது.

நான் என் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனேன். இங்கேதான் நேற்றைய குறிப்பின் இரண்டாவது தவறு. விழுந்ததும் உயிர் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். போகவில்லை. தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. வாயில் ரத்தம், இரண்டு பல் உதட்டில் ஒட்டியிருந்தன. கண் நன்றாகத் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

"டேய் தள்ளுவண்டி" என்றான். "காலு போச்சுடா. தூக்குடா என்ன."

நான் யோசித்தேன். இந்தக் காயத்தில் ஆள் சாகமாட்டான். நொண்டியாகப் பிழைப்பான். நொண்டியானாலும் ராணி அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்பாள். சாலையோரத்தில் கைக்கு அடக்கமான கல் ஒன்று கிடந்தது. எடுத்தேன். அவன் முதலில் புரிந்துகொள்ளவில்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுக்கிறேன் என்று நினைத்திருப்பான். முதல் அடி நெற்றியில் சரிந்து போனது. கையைக் குறுக்கே வைத்தான், அடுத்த அடியில் விரல்கள் ஒடிந்தன. "மச்சான், மச்சான்" என்றான். முழங்காலை அவன் மார்பில் ஊன்றிக்கொண்டு அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும். முகம் முகமாக இல்லாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது, என் கை வலித்தபோதுதான் தெரிந்தது. அது தேவையில்லாதது. அவசரத்தில் நான் எப்போதும் கூடுதலாகச் செய்துவிடுகிறேன்.

பிறகு தலையைப் பாறைமேல் பொருந்தும்படி இழுத்து வைத்தேன். கல்லைப் பள்ளத்தில் எறிந்தேன். கேரியரில் தொங்கிய கயிற்றுத் துண்டை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு, மேலே நடந்துபோய் அவன் தழையில் இருந்த மீதியையும் எடுத்தேன். என் தழையையும் கழற்ற வேண்டியிருந்தது, அப்போதுதான் வேகமாக ஊருக்குப் போக முடியும். மாது கட்டிய முடிச்சு கையால் அவிழவில்லை. கத்தியால்தான் அறுத்தேன். அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தான்.

மாதுவைக் கொன்றவன் நான். மணியக்காரர் வந்து பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டார். அவன் ஓட்டுகிற லட்சணம் அவருக்கும் தெரியும். நேற்று எரித்தோம். வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருவன் என் தோளைத் தொட்டு, "வுடு தள்ளுவண்டி, அழுவாத" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பெயர் சவுரியப்பன்.

இன்று மத்தியானம் ராணி அடுப்படியில் என்முன் வந்து உட்கார்ந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டாள். அதில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது.

"இத நீயே அறுக்கிறியாண்ணா, இல்ல ஆள வெச்சு அறுக்கிறியா?"

அவளே சொன்னாள். வைகாசி முதல் வாரம் நான் தருமபுரிக்குச் சரக்கு எடுக்கப் போன அன்று, மாது அவளைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஈச்சங்கோட்டைக்குக் கூட்டிப்போயிருக்கிறான். தீர்த்தன் கோயிலில் தாலி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"நீ நாளத் தள்ளிக்கிட்டே போன. அதான்."

"எறங்கும்போது?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"தழை கட்டித்தான் எறங்குனோம். நாந்தான் கட்டுனேன். தலையில கைய வெச்சு சத்தியம் வாங்கினேண்ணா, இனிமே தழையில்லாம எறங்கக் கூடாதுன்னு. அன்னையிலேர்ந்து ஒரு நாளும் தவறல." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "தழை கட்டியும் எப்படிண்ணா போனாரு?"

கயிறு அறுந்துவிட்டது என்றேன். அது உண்மை.

என் கணக்கில் ஓர் இடத்தில் பிழை இருந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அவன் திருந்தியிருந்தான். ஆனால் திருந்தியது எத்தனை நாள் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? இப்போது பார்க்க வேண்டியது ராணியை. தாலி கட்டியதை யாரிடமும் சொல்லாதே, கயிற்றைக் கொடு, ஆவணியில் வேறு நல்ல இடம் பார்க்கிறேன் என்றேன். அவள் கயிற்றை மறுபடி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பூசாரிக்குத் தெரியுமேண்ணா. எனக்குத் தாலி எறக்கற சடங்க தானே முன்ன நின்னு செய்யணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நாளன்னைக்கு எறங்கி வர்றாராம்."

அவர் வந்தால் ஊர் கூடும். ஊர் கூடினால் ராணி விதவை. நான் இவ்வளவு செய்ததற்கும் அர்த்தம் இல்லாமல் போகும். தாலி கட்டியது தெரிந்தவர்களில் மாது இல்லை. ராணி என் பேச்சைத் தட்டமாட்டாள், சில நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் சரியாகிவிடுவாள். மீதி ஒருவர்தான்.

தீர்த்தன் நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நாளை விடிந்ததும் ஈச்சங்கோட்டைக்குப் போய், ஒரு நாள் முன்னதாகவே அவரைக் கீழே அழைத்து வர வேண்டும்.