ஒரு நாள் ஊசி

திருவண்ணாமலையில் திண்டிவனம் பஸ் கிளம்புகிற நேரம். எனக்கு முன் சீட்டில் தனியாக இருந்த அம்மாள், ஒரு கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் உட்கார வந்ததும் எழுந்துவிட்டார்.

"மாசமா இருக்கியேம்மா. என் பக்கத்துல உட்காராத."

"ஏங்க்கா?"

"எனக்குத் தலையில கட்டி. சென்னையில ஆராய்ச்சின்னு ஒரு ஊசி போட்டாங்க. ஏதோ அமினோ அமிலமாம், அதுல கதிர்வீச்சு சேர்த்திருக்காங்க. கட்டி அத ஜாஸ்தியா இழுத்துக்குமாம். படம் எடுத்தா கட்டி எதுவரைக்கும் போயிருக்குதுனு தெரியுமாம். மாசமா இருக்கறவங்க கிட்ட போகாதீங்கனு சொன்னாங்க."

"எத்தினி நாளைக்கு?"

"அன்னிக்கு ஒரு நாள்தான்."

"எப்பக்கா போட்டாங்க?"

"தீபத்துக்கு முன்னாடி."

இப்போது பங்குனி வெயில். அந்தப் பெண் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, "அப்ப உட்காருங்கக்கா," என்றாள்.

"என் மருமகளும் அப்ப மாசமா இருந்தா. கொஞ்ச நாளு சித்தி வீட்ல இரும்மானு பையன் என்னை இங்க என் தங்கச்சி வீட்ல கொண்டாந்து விட்டான். இப்ப கொழந்தைக்குப் பேரு கூட வெச்சாச்சாம். இன்னும் கூப்பிடல."

சீட்டு காலியாகவே இருந்தது. அம்மாள் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார்.