எரிக்காத கத்தரிக்காய்

கத்தரிக்காய் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது சார். நீங்கள் விசாரிக்க வந்ததிலும் வருத்தமில்லை. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

பேகம்பேட்டில் எங்கள் விதைக் கம்பெனி. புழு அண்டாதபடி மரபணு மாற்றிய கத்தரியை ஊருக்கு வெளியே சோதனைக்குப் போட்டிருந்தோம். முதலில் முயல்களுக்குத்தான் கொடுத்தோம். மூன்று செத்துப்போயின. "வெயில்னு எழுதுங்க" என்றார்கள் மேலே. எழுதினேன். ஹைதராபாத் வெயில் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் அது மறுத்துப் பேசாது.

தோட்டத்துக் காயை எடை பார்த்ததும் எரித்துவிட வேண்டும், அது விதி. எரிக்கிற பொறுப்பு என்னுடையது. பளபளவென்று அத்தனை காய், எப்படி மனசு வரும்? மாரெட்பள்ளியில் எங்கள் காம்பவுண்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்தே அடிக்காத காய் என்றேன். அதில் பொய் இல்லை.

பக்கத்து வீட்டுக் கல்பகம் மாமி எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ணிவிட்டு, "ஜம்பு, நீ நன்னா இருக்கணும்டா. எத்தனை கொண்டு வந்தாலும் நக்கோ, வேண்டாம்னு சொல்லமாட்டேன்" என்றாள். மாமியின் வாழ்த்திலும் எண்ணெய் கொஞ்சம் தூக்கல்தான்.

முயல் வாய் திறந்து எதுவும் சொல்லாது. மாமி சொல்வாள், நிறுத்தத்தான் தெரியாது. வாராவாரம் பையோடு போய் உட்கார்ந்து கேட்பேன், வயிறு எப்படி, தூக்கம் எப்படி என்று. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறவன் அந்தக் காம்பவுண்டில் வேறு யார் சார்?

மாமியின் மகள் ஷோபா வாந்தி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், ஐந்தாம் மாதம். சினை முயல்களைப் பற்றி எங்களிடம் தகவலே கிடையாது. அவளுக்கென்று பிஞ்சாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

ஆறாம் மாதம் குழந்தை தங்கவில்லை. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்சவன், எதைத் தின்னு இப்படி ஆச்சுன்னு சொல்லேன்டா" என்று அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு பெண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாதே. "வெயில் மாமி" என்றேன். அடுத்த வாரமும் பையோடு போனேன்.

என் மனைவி லலிதாவுக்கும் அந்தக் காய் மேல் ஆசை. ஒருநாள்கூட நான் தொடவிடவில்லை. ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள், எனக்கு மட்டும் இல்லையா என்று இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீடாவது அதைச் சாப்பிடாமல் இருக்க வேண்டும் இல்லையா?