என் வாரம்

நெல் மூட்டை தூக்கிப் பழகின தோளில் எந்தச் சாமானும் அலுங்காமல் போய்ச் சேரும். அதனால்தான் ஸ்கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள்.

ஸ்கோப் என்றால் கரண்டின் ஓட்டத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிற மிஷின், ஐயா. ஆசைக்கு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் நோண்டுகிற நாங்கள் நாலு பேர் குத்தாலத்தில் சேர்ந்து வாங்கினோம். தனியாளாக வாங்கக் கட்டாது. சவூதியிலிருந்து திரும்பின நெய்னா முகம்மது, காலேஜில் வேலை பார்க்கிற ரெஜின், தொழிற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற குஞ்சிதபாதம் சார், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற பக்கிரி நான். சமமான பங்கு. ஆளுக்கு ஒரு வாரம். ஒருத்தருக்கு முடியாமல் போனால் அடுத்த பெயருக்குப் போகும். சார்தான் எழுதி ஒட்டினார். நாற்பது வயசில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். சார் பெயருக்குக் கீழே நாலாவதாக இருந்த என் பெயரை நானே வாசித்தேன்.

என் முறை வந்தபோது சார், "உங்க வீடு ஒழுகுது பக்கிரி, மழை விடட்டும்" என்றார். மழை விட்டது. உங்கள் வீடெல்லாம் நெல் தூசி, மிஷினுக்கு ஆகாது என்றார். நெய்னா எனக்காகப் பேசிப் பார்த்தார்.

"அண்ணனும் பங்கு போட்டவர்தானே சார்?"

"இல்லேன்னா சொன்னேன்? வேணுங்கிறப்ப இங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

ரெஜின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாலு மாசம், ஞாயிறுதோறும், வீட்டுக்கு வீடு சுமந்தேன். சைக்கிளில் கட்டவில்லை, குலுங்கும் என்று.

கோபத்தில் செய்ததாக எழுதாதீங்க. எனக்குக் கோபம் இல்லை. சாருக்கு ஒரு பழக்கம். கரண்டு இருக்கிற இடத்திலேயே ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டிவிடுவார். பட்டென்று ஃபியூஸ் போகும். மாற்றிக்கொள்ளலாம் என்று சிரிப்பார். ஃபியூஸைப் போகவைத்து அவரைக் காப்பாற்றியது பிளக்கில் இருக்கிற எர்த் ஒயர். அது இல்லையென்றால் மிஷினின் உலோகத்திலெல்லாம் கரண்டு நிற்கும். இதை அவர் வீட்டில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போன ஞாயிறு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பிளக்கைத் திறந்தேன். எர்த் ஒயரைக் கழற்றி மடக்கிவிட்டு மூடினேன். அதற்குப் பெயர் கொலை என்றால், கிளிப்பை மாட்டின கைக்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்க.

சார் சம்சாரம் நீலாம்பாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். சார் மேசைமேல் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டிருந்தார். கழுவின தரை இன்னும் காயவில்லை.

"பக்கிரி, வாசல்ல என் ரப்பர் செருப்பு கிடக்கு, எடுத்தாங்க."

"ஒரு நிமிஷ வேலைக்குச் செருப்பு எதுக்குங்க சார்."

அதுவும் சரி என்று சிரித்தார். கிளிப்பை மாட்டினார். ஃபியூஸ் போகவில்லை. மிஷினைத் தொட்ட கையை அவரால் எடுக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவிட்சுப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் அசைவது நின்றபிறகு அணைத்தேன். ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, தோளில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன்.

திருட்டு என்று மட்டும் எழுதாதீங்க, ஐயா. அவருக்கு முடியாமல் போனது. அடுத்த பெயர் என்னுடையது. அந்த மிஷினை நீங்கள்தான் எடுத்துவந்து ஸ்டேஷனில் வைத்திருக்கிறீர்கள். என் வாரத்தில் இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கிறது.