பல் டாக்டர் கிளப்பின் புகார்ப் பெட்டி

— அந்தக் கம்பிய மொதல்ல கீழ வை. பல்லு நோண்ட உங்கப்பா வச்சிருக்கிறத புகார்ப் பெட்டிக்குள்ள விட்டு என்னடி துழாவுற?

— ஐயோ, சித்தி! செத்தேன். சத்தியமா திருட வரல. நான் போட்ட புகார நானே எடுத்துக்கிறேன். நாளைக்குக் கூட்டத்துல நீங்க எல்லாத்தையும் சத்தமா படிப்பீங்கல்ல?

— செயலாளர் வேலைய என் தலையிலதானே கட்டினாங்க. யார் மேல புகார்?

— அப்பா மேல.

— கிழிஞ்சுது போ! பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்ப ஆரம்பிச்சவர் மேலயேவா?

— எப்படி ஆரம்பிச்சார்? பல்லு வலின்னு வர்றவங்கள நாற்காலியில சாய்ச்சு, வாயில பஞ்ச அடைச்சிட்டு, "சீட்டாட வர்றீங்களா?"ம்பார். அவங்க "ஆ"ம்பாங்க. உடனே பேர எழுதிக்குவார்.

— உங்க சித்தப்பாவும் அப்படி மாட்டினவர்தான். கடவாப்பல்லும் போச்சு, சாயங்காலமும் போச்சு. ஒரு மேசை நாலாச்சு, நாலு பேர் பதினாறாச்சு.

— தபால்காரர் வலி தாங்காம தலைய ஆட்டினார். அவரப் பொருளாளர் ஆக்கிட்டார்!

— சரி, அப்பா என்ன பண்ணார்?

— இருமுறார், சித்தி. எதிர்ல உக்கார்ற பார்ட்னருக்கு ஜாடை காட்டக் கூடாதுன்னு சட்டம் எழுதினதே அவர்தான். கையில ஆர்ட்டின் நெறைய இருந்தா ஒரு இருமல், ஸ்பேடுன்னா ரெண்டு. அவர் பார்ட்னர் நான்தானே, பதிலுக்கு நான் வேற தும்மணும். போன வாரம் இருமின இருமல்ல டீச்சரம்மா மருந்து பாட்டிலையே நீட்டிட்டாங்க. பயந்து போய் எழுதிப் போட்டுட்டேன்.

— பேர் போடலல்ல?

— என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? கிளப்ப விட்டுத் தூக்கிட்டா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். அப்புறம் என் மூஞ்சில முழிப்பாரா?

— கம்பிய வச்சிடு, கழுதை. பெட்டி காலி. மத்தியானமே தொறந்துட்டேன்.

— படிச்சீங்களா?

— ஒண்ணா ரெண்டா, பதினஞ்சு இருந்துச்சு. டீச்சரம்மா தபால்காரர் மேல, தபால்காரர் டீச்சரம்மா மேல. உங்க சித்தப்பா இருக்காரே, அந்த மகராசன் என் மேல. அவங்கவங்க பார்ட்னரத்தான் போட்டுக் குடுத்திருக்காங்க.

— நீங்க?

— மூக்கச் சொறிஞ்சு ஜாடை காட்டுறார்னு சித்தப்பா மேல ரெண்டு பக்கம்.

— பதினாறு பேர்ல பதினஞ்சா? அப்போ யாரு சித்தி எழுதல?

— உன் பார்ட்னர்.