ஜெனரேட்டருக்கும் ஒரு வாய்

வேங்கிக்காலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும்.

“எங்க வீட்ல மூணு பேரு சாப்பிடறோம்க்கா,” என்று அவள் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள். “நானு, இவரு, இவரோட ஜெனரேட்டரு. சிலிண்டர் எப்படித் தாங்கும்?”

கணவர் விடவில்லை. “பெட்ரோல்ல ஓடிட்டிருந்ததுங்க. ஒரு கிட்டு மாட்டி கேஸ்ல ஓட வச்சுட்டேன். இப்ப புகை கம்மி, செலவு கம்மி.”

“சோறும் கம்மி,” என்றாள் மனைவி. “நேத்து கரண்ட் போச்சு. இட்லி வேகசொல்லவே சிலிண்டரக் கழட்டி வெளிய எடுத்துனு போய்ட்டாரு. லைட்டு ஜோரா எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துல பாத்தா, இட்லி மாவாவே இருக்குது.”

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது. இறங்க மனம் வரவில்லை.

“இன்னைக்கு கரண்ட் போவட்டும், ஃபேனே ஓட்டிக் காட்டறேன்,” என்றார் கணவர்.

அவள் கைப்பையைத் திறந்து, சிலிண்டரில் மாட்டும் ரெகுலேட்டரை எடுத்துக் காட்டினாள்.

“ஏய், அது இல்லாம ஜெனரேட்டர் ஓடாதே!”

“இனிமே இது என் பையிலதான் இருக்கும். சோறு வெந்தப்புறம் தர்றேன். மொதல்ல நீங்க சாப்பிடுங்க, அப்புறமா உங்க செல்லத்துக்கு ஊட்டி விடுங்க.”