கடைசி வரியில் ஒன்றைத் தப்பாகச் சொல்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. அந்த மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும், என் குரலும் முன்போல எழும்புவதில்லை. நாற்காலி போதாவிட்டால் கட்டிலில் உட்காருங்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான்கு வருடம் படித்த இரண்டு பெண்களின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். அன்பான கதைதான். அந்த இருவரில் ஒருத்தி நான்.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு வேலை மாற்றம். நான் குண்டு, வாயைத் திறந்தால் பேச்சு திக்கும், படிப்பும் சுமார். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். தனியாகச் சாப்பிடுகிறவளைக் கண்டால் எல்லோருக்கும் பாவமாக இருக்கும். யாருக்காகவோ காத்திருக்கிறவளைக் கண்டால் அப்படி இருக்காது. அந்த வித்தையை நானாகக் கண்டுபிடித்திருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளை எல்லோரும் மோப்பி என்று கூப்பிட்டார்கள். மூக்கு தாளில் உரசும்படி குனிந்து எழுதுவாள், மோப்பம் பிடிக்கிறாளாம். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. "ஆமா, உன் டப்பாவுல என்ன இருக்குன்னு இங்கிருந்தே சொல்லவா?" என்று திருப்பிக் கேட்பாள். கேலி செய்தவளே சிரித்துவிடுவாள். முதல் வாரத்தில் ஒருநாள் என் முழங்கையை இடித்தாள்.

"ஏய் புதுசு, போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"தெரியலையா?"

"தெரிஞ்சா உன்ன ஏன் கேக்குறேன். மெதுவாப் படி. கணக்கு டீச்சருக்குப் பாம்புக் காது."

படித்தேன். மெதுவாகப் படிக்கும்போது எனக்குத் திக்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் படிக்கப் படிக்க அவள் எழுதினாள்; சில கணக்குகளுக்கு நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையைப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச நாளில் உதட்டை அசைக்காமல் படிக்கப் பழகிக்கொண்டேன். எனக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: ரேடியோ. பட்டப்பெயர் கிடைத்துவிட்டால் அந்த வகுப்பில் நமக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். அன்று வீட்டுக்குப் போய் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மோப்பியின் அம்மா தையல்காரர். துணிக்கடைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். அவளுடைய அக்காவுக்குப் படிக்கிற காலத்தில் கண்ணாடி போட வேண்டி வந்தது. "கண்ணக் கெடுத்துக்கிட்டு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு" என்று அவளை அந்த வருடமே நிறுத்தித் தையல் மெஷினில் உட்காரவைத்துவிட்டார். மோப்பிக்குப் பாலம் கட்டும் இன்ஜினியராக வேண்டும் என்று ஆசை. "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நான் பாலம் கட்ட மாட்டேன், பட்டன்தான் கட்டுவேன்" என்பாள். அதனால் நான் படித்துக் காட்டினேன். இதில் தவறு சொல்ல முடியுமா?

போர்டில் ஒன்றும் இல்லாதபோதும் அவள் கேட்பாள்.

"இப்ப என்னடி நடக்குது?"

"டீச்சர் மூக்கச் சொறியறாங்க."

"எந்தக் கையால?"

"சாக்பீஸ் இருக்கிற கையால. மீசை வந்துடுச்சு."

இருவரும் வெளியே நிறுத்தப்பட்டோம். வெளியே நின்றபோதும் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்காத நாளில் நானாகக் கட்டிச் சொன்னேன். வராத காகத்தை வரவைத்தேன். விழாத வாட்ச்மேனை விழவைத்தேன். அவள் எல்லாவற்றையும் நம்பினாள். இத்தனை கதை எங்கே கற்றீர்கள் என்று கேட்பீர்களே, அங்கேதான்.

பத்தாம் வகுப்பில், எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்யப் பள்ளிக்கு டாக்டர் வந்தார். மோப்பி பயந்து போனாள். எழுத்து அட்டையை முந்தின நாளே பெரிய ஹாலில் மாட்டியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் போய்ப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். மாடிப்படிக்கு அடியில் அவளை உட்காரவைத்து வாய்ப்பாடு போல ஒப்பிக்கவைத்தேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். வந்தவர் பள்ளிக்கூடம் முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும், வரிசையை மாற்றிக் கேட்கப் பொறுமை இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"கடைசி வரியில ஒண்ணத் தப்பாச் சொல்லு" என்றேன். "எல்லாமே சரியாச் சொன்னா சந்தேகம் வரும்."

"உனக்கு எங்கிருந்துடி இதெல்லாம் தோணுது?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

தேறிவிட்டாள். பார்வை மிக நன்றாக இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். இன்றும் மதியத் தூக்கத்தில் சில நாள் அந்த எழுத்துகளை முணுமுணுக்கிறாள். கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவாள். பிறகு சொல்லிக்கொடுத்தபடியே ஒன்றைத் தப்பாகச் சொல்லுவாள். பக்கத்து அறையில் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். அந்தத் தப்பு வரும்வரை என்னால் மூச்சை விட முடிவதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அவள் ஒன்று கேட்டாள். "பல்பச் சுத்தி வானவில் மாதிரி வளையம் வளையமாத் தெரியுதுடி. உனக்கும் அப்படியா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன்.

அந்த வருடம் டாக்டர் மறுபடி வந்தார், வேறு அட்டையோடு. வரிசையில் நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். "இந்தத் தடவ உண்மையச் சொல்லிடலாமா? பயமா இருக்கு. பக்கத்துல வர்றவங்களே தெரிய மாட்டேங்குறாங்க."

அவளிடம் நான் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் போன வருடப் பொய் வெளியே வரும், என்னைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றேன். "உனக்கென்ன, போர்டு படிச்சுக் காட்ட வேற யாராவது கிடைப்பாங்க. எனக்கு யாரு இருக்கா?" என்றேன். அவள் நல்லவள். தனக்காகச் செய்யாததையும் பிறருக்காகச் செய்வாள். நான் முன்னால் போய் அட்டையைப் படித்துவிட்டு, கைக்குட்டையை மறந்ததாகச் சொல்லித் திரும்பி வந்து அவள் காதில் சொன்னேன். அன்றும் தேறினாள்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தபோது அவள் கதவு நிலையில் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. கையை என் தோளில் வைத்துக்கொண்டு நடப்பாள். "ரேடியோவுக்கு ஏரியல் முளைச்சிருக்கு பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் மிக அழகான வருடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். சட்டையின் தோள்பட்டையில் அவள் கை பட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசித் தேர்வு கணக்கு. தேர்வு அறையில் அவளுக்கு வேறு இடம், எனக்கு வேறு இடம். கேள்வித்தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். வெளியே வந்தபோது, "பாதித் தாள் புகையா இருந்துச்சுடி" என்றாள். அடுத்த படி இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் விழுந்துவிட்டாள்.

நெற்றிக் காயத்துக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கண் டாக்டரைக் கூப்பிட்டார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்ப நாளா ஏறிக்கிட்டே வந்திருக்கு. நரம்பு போயிடுச்சு" என்றார் அவர். "ஸ்கூல்ல யாரும் டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணினாங்க டாக்டர்" என்றேன் நான். "ரெண்டு தடவையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க."

"அப்பவே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாமே" என்றார்.

அவள் அம்மா அழவில்லை. மகளின் கட்டிலருகே நின்று, "எல்லாம் உன் பிடிவாதம்" என்று மட்டும் சொன்னார். மோப்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அந்த அம்மா சாகும்போதும் மகள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். இருவரில் யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. மோப்பியை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு வந்த சம்பந்தங்களை வேண்டாம் என்றேன். ஊரே என்னைப் புகழ்ந்தது. சொந்தத் தங்கைகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்றார்கள். காலையில் ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று சொல்லித்தான் அவளை எழுப்புகிறேன். இங்கே பாலம் கட்டினார்களே, அதைத் தூண் தூணாக அவளுக்குச் சொன்னவள் நான். கண்ணால் பார்த்திருந்தால்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

இப்போது உள்ளே தூங்குகிறாள். காதும் மந்தமாகிவிட்டது. பக்கத்தில் போய் நான் பேசினால் மட்டும் கேட்கும். பழகிய குரல் அல்லவா. நீங்கள் என்ன சொன்னாலும் அவளுக்கு எட்டாது. அதனால்தான் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

எப்போதாவது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பாள். "அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா அம்மா என் படிப்ப நிறுத்தியிருப்பாங்களாடி?"

"நிறுத்தியிருப்பாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்பச் சரி" என்பாள். முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவுக்காகவே எத்தனை முறையும் அந்தப் பதிலைச் சொல்லலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டாக்டர் முதல் முறை வருவதற்குச் சில நாள் முன்பு, மோப்பி இல்லாத நேரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா மெஷினை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவளுக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்குத் தெரியும்மா. ஊசியில நூல் கோக்கச் சொன்னா அக்காகிட்டத் தள்ளிட்டு ஓடுறா. பெரியவள நிறுத்தினது நான் பண்ண தப்பு. இவள நிறுத்த மாட்டேன். டெஸ்டுல ஒளிக்காமச் சொல்லச் சொல்லு. கண்ணாடியோ மருந்தோ, நான் பாத்துக்கறேன்."

"நீங்களே சொல்லலாமேம்மா."

"நான் வாயத் திறந்தா சண்டைதான் வருது. நீ சொன்னாக் கேப்பா."

சொல்ல வேண்டும் என்றுதான் தெருவில் இறங்கினேன். பள்ளிக்கூட வாசல் வந்தபோது யோசித்தேன். கண்ணாடி வந்துவிட்டால் அவளே போர்டைப் படிப்பாள். கணக்கில் முதலாவதாக வருகிறவள், சிரிக்கவைக்கிறவள், அவளைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். நான் மறுபடியும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் சொல்லவில்லை. அட்டையை மாட்டிய அன்று ஹாலுக்குப் போய் மனப்பாடம் செய்தேன்.

அவள் அம்மா பிறகு கேட்டார், சொன்னாயா என்று. "சொன்னேன்மா, அவ கேக்கல" என்றேன். கட்டிலருகே அவர் சொன்ன பிடிவாதம் அதுதான். நோய் வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல மதியங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் என் தோளில் கை வைத்து நடந்த அந்த வருடம் நினைவுக்கு வரும். யோசனை அங்கேயே நின்றுவிடும்.

அவள் எழுந்துகொள்ளும் நேரம். வெளியே என்ன நடக்கிறது என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் பத்திரமாகப் போய் வாருங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டு விளக்கு குறைவில்லாமல் எரியட்டும். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் கஷ்டம் உங்கள் வீட்டில் யாருக்கும் வர வேண்டாம். உங்களை விட்டு எங்கேயும் போக முடியாத ஓர் உயிர் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும்.